காசு கேட்காத வாசல்

ஜெஞ்சாரோமில் உள்ள தோங் சென் புத்தர் கோயிலுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. சீனப் புத்தாண்டு பிறந்த பதினைந்து நாளும் அந்த வளாகம் முழுக்கத் தங்லுங் விளக்குகளும் பூந்தொட்டிகளுமாக நிறைந்திருக்கும். கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சாரிசாரியாக ஜனம் வந்துகொண்டே இருக்கும். வாசலில் யாரும் சீட்டு கிழிப்பதில்லை, செருப்பு வைக்கவும் காசு கேட்பதில்லை. மாஸ்டர் சிங் யுன் 1967இல் தைவானில் நிறுவிய ஃபோ குவாங் ஷான் பௌத்த மடத்தின் மலேசியக் கிளை இது. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது ஊர். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது ஆங்கிலேயர் சீனக் குடும்பங்களைக் கம்பிவேலிக்குள் குடியேற்றி உண்டாக்கிய புதுக்கிராமங்களில் ஜெஞ்சாரோமும் ஒன்று.

வருகிறவர்கள் அந்தி சாயும் நேரத்தில் வருகிறார்கள். விளக்கு எரியத் தொடங்கியதும் படம் பிடிக்கிறார்கள், சைவச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், இரவு முதிர்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஊரில் தங்குகிறவர்கள் அரிது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான், மலேசியாவுக்கு வரும் பயணி கொடுக்கும் காசு எந்த வழியாக யார் கைக்குப் போகிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். வரியும் டிப்ஸும் நம் ஊர்ப் பயணிகளுக்கு எரிச்சலூட்டும் சங்கதிகள். கொடுத்தால் ஏமாந்தோமோ என்றும், கொடுக்காவிட்டால் கருமி என்பார்களோ என்றும் தோன்றும். வழி தெரிந்துவிட்டால் இந்த இரண்டு தவிப்பும் இல்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இறங்கியிருந்தேன். கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்துவிடலாம். விடுதி வரவேற்பு மேசையில் எனக்கு முன்னால் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. இணையத்தில் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, இப்போது என்ன புதிதாகப் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார். மேசையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: “அங்கிள், இது நாங்க வாங்கறது இல்ல. கவர்மெண்ட் டாக்ஸ். ஒரு ரூமுக்கு ஒரு நைட்டுக்குப் பத்து வெள்ளி. நீங்க நாலு பேரு இருந்தாலும் பத்துதான்.”

அவள் சொன்னது அத்தனையும் சரி. 2017ஆம் ஆண்டு சுற்றுலா வரிச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இது வசூலிக்கப்படுகிறது. முதலில் போட்ட திட்டம் வேறு. விடுதியின் நட்சத்திரத்தைப் பொறுத்து இரண்டரை வெள்ளியிலிருந்து இருபது வெள்ளிவரை, உள்ளூர்க்காரர்களிடமும் வாங்குவதாக இருந்தது. சரவாக் மாநிலம் கடுமையாக எதிர்த்தது. விடுதிக்காரர்களும் முறையிட்டார்கள். கடைசியில் வெளிநாட்டவருக்கு மட்டும், எல்லா விடுதிக்கும் ஒரே பத்து வெள்ளி என்று முடிவானது. மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டவேண்டியதில்லை. கோவிட் காலத்தில் 2020 ஜூலையிலிருந்து 2022 கடைசிவரை நிறுத்திவைத்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் இணையதளங்கள் வழியாகப் பதிவு செய்யும் அறைகளுக்கு அந்தத் தளங்களே வாங்கிக் கட்டவேண்டும் என்று ஏற்பாடு வந்தது. பெரியவரின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். சில தளங்கள் முன்பே சேர்த்து வாங்கிவிடுகின்றன, மற்ற இடங்களில் மேசையில் கேட்கிறார்கள். பதிவுச் சீட்டில் சுற்றுலா வரி என்று தனியே குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இருந்தால் மறுபடி கட்டத் தேவையில்லை. இல்லாவிட்டால் கட்டிவிட்டு, தனியாகக் காட்டிய ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதிவு செய்துகொண்ட ஹோம்ஸ்டே வீடுகளுக்கும், நான்கு அறைக்கு மேல் இல்லாத சிறு தங்குமிடங்களுக்கும் விலக்கு இருக்கிறது.

பத்து வெள்ளி என்றால் நம் கணக்கில் 200 ரூபாய் சொச்சம். ஒரு குடும்பமே ஓர் இரவுக்குக் கொடுப்பது அவ்வளவுதான். மற்றச் சுற்றுலாத் தலங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு இலேசு என்பது தெரியும். மாலத்தீவில் பசுமை வரி ஆளுக்கு, நாளுக்கு. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் தங்குகிறவர் ஒவ்வொருவரும் தினம் 12 அமெரிக்க டாலர் கட்டுகிறார். பாலித் தீவில் 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 1,50,000 ரூப்பியா ஒருமுறை கட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மலேசியாவிலும் தீவுக்குப் போனால் கடல் பூங்காக் கட்டணம் தனி. பினாங்கிலும் மலாக்காவிலும் மாநில அளவில் அறைக்கு இரண்டு மூன்று வெள்ளி சேரும். இவற்றையெல்லாம் முணுமுணுக்காமல் கட்டவேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். நாம் குளிக்கும் தண்ணீர், நடக்கும் நடைபாதை, விடியற்காலையில் யாரோ கூட்டிப் பெருக்கிய தெரு எதுவும் விடுதிக்காரர் தந்ததல்ல.

வரியைவிட நுணுக்கமானது அடுத்த சங்கதி. நட்சத்திர விடுதிகளிலும் குளிரூட்டிய பெரிய உணவகங்களிலும் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். பிளஸ் பிளஸ் என்று சொல்வார்கள். ஒரு பிளஸ் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இன்னொன்று அரசின் சேவை வரி. உணவுக்கு ஆறு விழுக்காடு, அறைக்கு 2024 மார்ச் முதல் எட்டு விழுக்காடு. இந்த இரண்டில் வரி அரசுக்குப் போகிறது, சரி. அந்தப் பத்து விழுக்காடு யாருடையது? முதலாளியுடையதா, தட்டை ஏந்தி வந்தவருடையதா?

இந்தக் கேள்விக்கு மலேசியாவில் நீதிமன்றம் ஏறி விடை வாங்கியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. அந்நாட்டு ஹோட்டல்களில் நெடுங்காலமாக அடிப்படைச் சம்பளம் குறைவு. மாதாமாதம் சேரும் சேவைக் கட்டணத்தைப் புள்ளிக் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பணிமூப்புக்கும் பதவிக்கும் ஏற்பப் புள்ளி. கூட்டம் அதிகமுள்ள மாதத்தில் புள்ளிக்கு நல்ல தொகை வரும், மழைக்காலத்தில் சுருங்கும். 2013 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. உடனே சில ஹோட்டல் நிர்வாகங்கள் சேவைக் கட்டணத்தையும் சம்பளத்தோடு சேர்த்து எண்ணி, அந்தத் தொள்ளாயிரத்தை எட்டிவிட்டதாகக் காட்ட முயன்றன. அதாவது விருந்தாளி ஊழியருக்கென்று கொடுத்த காசைக்கொண்டே சட்டம் கேட்ட சம்பளத்தை நிரப்பிவிடுவது. ஹோட்டல், மதுக்கூட, உணவக ஊழியர்களின் தேசியத் தொழிற்சங்கம் இதை விடவில்லை. கிரிஸ்டல் கிரௌன் ஹோட்டல் வழக்கு படிப்படியாக ஏறிக் கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. 2021இல் தீர்ப்பு வந்தது: சேவைக் கட்டணம் ஊழியர்களின் பணம், நிர்வாகம் அதை அவர்களுக்காகக் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவே. அதைக்கொண்டு குறைந்தபட்ச ஊதியத்தை ஈடுகட்டக் கூடாது.

இந்தியாவில் இதே விஷயம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்துப் போன வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கம் நின்றது. நாம் சாப்பிட வந்தவரைக் காப்பாற்றினோம், அவர்கள் பரிமாறியவரைக் காப்பாற்றினார்கள். இரண்டும் தேவைதான். ஆனாலும் நம் விவாதங்களில் பரிமாறியவரின் பெயர் எவ்வளவு குறைவாக அடிபட்டது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆக, பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் இருந்தால் அதற்குமேல் டிப்ஸ் வைக்கவேண்டிய கடமை இல்லை. பெட்டி தூக்கிவந்த பையனுக்கு இரண்டு, ஐந்து வெள்ளி கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வான். கொடுக்காவிட்டால் முகம் சுளிக்கமாட்டான். அமெரிக்கா போய்வந்தவர்கள் அங்கே பழகிய இருபது விழுக்காட்டை இங்கேயும் கொட்ட வேண்டாம்.

சேவைக் கட்டணமே இல்லாத இடங்கள்தான் என்னை உறுத்துகின்றன. பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பலகாரக் கடைகளும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளும் இந்த வகை. உணவகத்துக்கு ஆண்டு வரவு பதினைந்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் சேவை வரிப் பதிவே கட்டாயம் என்பதால் சிறிய கடைகளில் வரியும் கிடையாது. இலையில் என்ன விழுந்ததோ அதற்கு விலை, அவ்வளவுதான். பரிமாறுகிறவர் துண்டுத்தாளில் கிறுக்கித் தருவார். கல்லாவில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். உள்ளூர்க்காரர் யாரும் டிப்ஸ் வைப்பதில்லை. இது தவறல்ல, அந்த நாட்டு வழக்கம்.

ஒரு மதியம், கூட்டம் ஓய்ந்த பிறகு சாப்பிடப் போனேன். ரசம் ஊற்றிய தம்பியின் பேச்சில் சிவகங்கைப் பக்கத்து வாடை அடித்தது. விசாரித்தேன், அந்தப் பக்கம்தான். வந்து சில வருஷமாகிறது. தங்கையின் கல்யாணக் கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. இலையை மடித்துவிட்டு எழுந்தபோது ஐந்து வெள்ளி நோட்டை மேசையில் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைக்கப் போனேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அண்ணே, மேசையில வைக்காதீங்க. தொடைக்கிறவரு எடுத்து டப்பாவுல போட்ருவாரு. அது எல்லாருக்கும் பொதுவுதான், அதுவும் நல்லதுதாண்ணே. ஆனா உள்ள பாத்திரம் கழுவுற ரெண்டு பேருக்கு அதுல பங்கு வராது.” பின்கட்டைக் கண்ணால் காட்டினான். நீராவிக்கு நடுவே இரண்டு வங்காளதேச இளைஞர்கள் எவர்சில்வர் தட்டுகளை அலசிக்கொண்டிருந்தார்கள். தனக்கென்று அவன் கேட்கவில்லை. நான் பின்கட்டு வழியாகப் போய் அவர்கள் கையிலும், வெளியே வந்து இவன் கையிலும் கொடுத்தேன்.

இப்படிக் கையில் கொடுப்பதும் அருகி வருகிறது. கல்லாக்களில் இப்போது டூயிட்நவ் க்யூஆர் அட்டை நிற்கிறது. கைப்பேசியைக் காட்டினால் பில் தொகை மட்டும் போகிறது. சில்லறையாக மீந்து மேசைக்குத் திரும்பிவரும் காசு என்பதே ஒழிந்துவிட்டது. மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கக் கணக்கை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள், ஒரு சென் காசு புழக்கத்தில் இல்லை. இப்போது ரொக்கமே குறைந்துவிட்டபோது, சிறு கடை ஊழியருக்கு யதேச்சையாகச் சேர்ந்துகொண்டிருந்த சிறுதொகையும் நின்றுபோகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதுவே சட்டம். சட்டச் சம்பளம் முழுசாகக் கைக்கு வருகிறதா என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி, டிப்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு. ஆனாலும் மலேசியா போகிற தமிழர்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. ஐந்து வெள்ளி நோட்டுகள் சிலவற்றைச் சட்டைப் பையில் தனியே வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர விடுதியில் அதைச் செலவழிக்காதீர்கள்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து வாடகைக் காரில் ஜெஞ்சாரோம் போனேன். ஓட்டுநர் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் அப்பா அங்கே பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை அறுத்தார். தெலுக் பங்லிமா காராங் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன. புத்தாண்டு நெரிசல். முன் ஒப்புக்கொண்ட தொகைக்குமேல் பத்து வெள்ளி சேர்த்து நீட்டினேன். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். “வேணாம்ண்ணே. ஜாம்லா, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? பேசினது பேசினதுதான். தீவாளிக்கு வாங்க, நம்ம வீட்டுக்கு வாங்க, சாப்புடுங்க. பிள்ளைங்களுக்கு அங்பாவ் குடுங்க, வாங்கிக்கறேன்.”

கொடுப்பதற்கு இந்த நாட்டில் ஒரு பருவம் இருக்கிறது, ஒரு உறவும் இருக்கிறது. காசு வைத்துக் கொடுக்கும் உறைக்குத்தான் அங்பாவ் என்று பெயர். சீனர்களின் சிவப்பு உறை, நோன்புப் பெருநாளில் மலாய்க்காரர்களின் பச்சை உறை, நம்மவர்களின் தீபாவளி அங்பாவ் என்று மூன்று இனமும் ஒரே பழக்கத்தைத் தங்கள் தங்கள் நிறத்தில் வைத்துக்கொண்டிருக்கின்றன. பெரியவர் சிறியவருக்கும், முதலாளி வேலையாளுக்கும், வீட்டுக்காரர் வந்த பிள்ளைக்கும் அந்த உறையைத் தருவார். நாள் கிழமையில் மனம் நிறைந்து கொடுப்பது மரியாதை. கூலி பேசி முடித்த வேலைக்கு மேலே அள்ளிவைப்பது, அந்த ஓட்டுநரைப் போன்றவர்களுக்கு, தன் வாக்கைக் குறைத்து மதிப்பிட்ட மாதிரி படுகிறது. அவர் முகத்தில் அதைப் பார்த்தேன், வற்புறுத்தவில்லை. அதிகாரிகளிடம் மட்டும் எந்தப் பெயரிலும் காசு நீட்டக் கூடாது. கோப்பிக் காசு என்று அங்கே சொல்வது லஞ்சத்தைத்தான். இன்னொன்று: நாட்டுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

கோயிலில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மரங்களுக்கு இடையே கட்டிய கம்பிகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தங்லுங்குகள். குட்டித் துறவிகளின் சிலைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிள்ளைகள் படம் எடுத்தன. முக்காடிட்ட மலாய்ப் பெண்கள், பட்டுப்பாவாடை உடுத்திய தமிழ்ச் சிறுமிகள், வண்டி வண்டியாகச் சீனக் குடும்பங்கள். ஒரு மேசையில் தொண்டர் சட்டை போட்ட மூதாட்டி ஒருவர் வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு காகிதக் கோப்பை தந்தார். நான் பையில் கைவிடுவதைப் பார்த்ததும் “தாக் பாயா, தாக் பாயா” என்று மலாயில் மறுத்து, தள்ளி இருந்த காணிக்கைப் பெட்டியை விரலால் காட்டினார். பிறகு, குடித்து முடித்த கோப்பையை எங்கே போடவேண்டும் என்பதையும் காட்டினார். காகிதம், பிளாஸ்டிக், உணவுக் கழிவு என்று மூன்று தொட்டிகள். ஒரு பையன் பிளாஸ்டிக் பாட்டிலைத் தவறான தொட்டியில் போட்டபோது அந்த அம்மையார் எழுந்துபோய்க் கையை உள்ளே விட்டு எடுத்து மாற்றிப் போட்டார்.

ஜெஞ்சாரோமில் அதைப் பார்க்கும்போது சும்மா கடந்துபோக முடியாது. 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், அந்தக் குப்பை கிள்ளான் துறைமுகம் வழியாக இந்த வட்டாரத்துக்குத் திரும்பியது. கோல லங்காட் மாவட்டத்தில் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக்கை எரித்தார்கள். ஜெஞ்சாரோம் மக்கள் மூச்சு முட்டி, ஒன்றுகூடி, படம் எடுத்து, புகார்மேல் புகார் கொடுத்து அவற்றை மூடவைத்தார்கள். 2019 மே மாதம், அன்றைய அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் நின்று, 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். பிறர் விட்டுச்செல்வதைச் சுமந்து பழகிய ஊர் இது. விழாக் காலத்தில் சுமை வேறு வகை: சாலை அடைப்பு, கார் நிறுத்த இடமின்மை, மறுநாள் காலையில் ஓரமெல்லாம் பாட்டிலும் பொட்டலத் தாளும்.

இதற்கு யார் செலவு செய்வது? சுற்றுலா வரி அறைக்கு, இரவுக்கு என்றிருப்பதால் நான் பிரிக்பீல்ட்ஸில் கட்டிய பத்து வெள்ளியில் ஜெஞ்சாரோமுக்கு நேரடியாக எதுவும் வராது. வரி கூட்டரசுக்குப் போகிறது. அதில் பாதியை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்வதாக 2019 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மாநிலத்திடமிருந்து ஊருக்கு வரும் வழிதான் நீளமானது. விடுதிகள் நிறைந்த ஊருக்கு வாதாட ஹோட்டல் சங்கம் இருக்கிறது, ஒரு மாலை மட்டும் வந்துபோகும் ஊருக்கு அப்படி யாரும் இல்லை. இத்தாலியில் வெனிஸ் நகரம் இதே சிக்கலுக்கு 2024 ஏப்ரலில் ஒரு வழி கண்டது. தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம், கூட்டம் மிகும் நாட்களில் ஐந்து யூரோ வசூலித்தது.

வெனிஸ் வழி ஜெஞ்சாரோமுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். இங்கே வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மலேசியர்கள்தான். மூன்று இனத்தவரும் ஒரு மாலைப் பொழுதைக் காசில்லாமல் சேர்ந்து கழிக்கும் இடங்கள் எந்த நாட்டிலும் பெருகிக் கிடக்கவில்லை. அந்த வாசலில் சீட்டு கிழிக்கும் ஆள் வந்து நின்றால் முதலில் நின்றுபோவது தோட்டப்புறத்துக் குடும்பங்களாகத்தான் இருக்கும். என்னைப் போன்ற வெளிநாட்டவர் ஏற்கெனவே கட்டிய பணத்திலிருந்து எடுப்பதே நியாயம். அறைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பங்கு பிரிப்பதோடு நில்லாமல், விழாவுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கோல லங்காட் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கலாம். அந்தப் பதினைந்து நாளில் கூடுதல் துப்புரவுத் தொழிலாளர்களின் கூலிக்கும், கிள்ளானிலிருந்து விழா முடியும்வரை இலவசப் பேருந்துக்கும் அது போதும். பேருந்து ஓடினால் அந்தச் சாலையில் பாதி நெரிசல் குறையும்.

பத்து வெள்ளி என்ற தொகை 2017இலிருந்து மாறவே இல்லை. அதை என்றாவது பதினைந்தாகவோ இருபதாகவோ உயர்த்தினால் என் போன்ற பயணிகள் தாராளமாகத் தருவோம். உயர்த்துவதற்கு முன், ஜெஞ்சாரோம் போன்ற ஊர்களுக்குப் போய்ச்சேரும் பங்கைச் சட்டத்திலேயே எழுதிவிடட்டும்.